அச்சில் இல்லாத விமான நிறுவன வரலாறுகள்: காரைக்குடிப் பக்கம் யாரேனும் சேர்க்கிறீர்களா?

தேவகோட்டை ரஸ்தா

விமானம் பற்றிய பழைய புத்தகம் இருக்கிறதா என்று எந்தக் கடையில் கேட்டாலும் போர் விமானப் புத்தகத்தைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். குண்டு போட்ட கதை எனக்கு வேண்டாம். டிக்கெட் விற்று, தபால் மூட்டை ஏற்றி, கடன் வாங்கி, கடைசியில் கதவடைத்த நிறுவனங்களின் கதைதான் வேண்டும். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் பறந்தார்கள், என்ன விமானம், வாரத்தில் எத்தனை நாள், ஏன் நின்றது என்று தெரிந்தால் போதும். இந்த வகை நூல்கள் பெரும்பாலும் ஒரே முறைதான் அச்சாகின்றன. வாங்குகிறவர்கள் குறைவு என்பதால் மறுபதிப்பைப் பற்றிப் பதிப்பகங்கள் நினைப்பதே இல்லை.

இப்போது இரண்டு கேள்விகள். ஆர்.இ.ஜி. டேவிஸ் எழுதிய உலக விமான நிறுவனங்களின் வரலாறு, 1964 ஆக்ஸ்போர்டு பதிப்பு, இங்கிலாந்தில் ஒரு பழைய புத்தக வியாபாரியிடம் இருக்கிறது. மேலுறை இல்லை, நூலக முத்திரை உண்டு. தபால் செலவு சேர்த்து ஆறாயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. வாங்கலாமா? இரண்டாவது, இந்திய நிறுவனங்களைப் பற்றிச் சேர்க்க வேண்டுமானால் எதில் தொடங்குவது?

ராமபாணம்

வாங்குங்கள். ஆனால் பணம் அனுப்புவதற்கு முன் நான்கு படங்கள் கேளுங்கள்: தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், அட்டையும் உள்தாளும் சேரும் மடிப்பு, படத்தாள்கள். "நல்ல நிலை" என்று வியாபாரி எழுதுவதற்கு ஒரு பொருளும் கிடையாது. என்னிடம் அப்படி வந்த ஒரு படியில் வரைபடங்கள் அத்தனையும் பிளேடால் அறுக்கப்பட்டிருந்தன. விமான நிறுவன வரலாற்றில் வழித்தட வரைபடம் போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? கடைக்காரர், "பக்க எண் குறையவில்லையே" என்று பதில் போட்டார். தனியாக ஒட்டும் படத்தாளுக்குப் பக்க எண் ஏது!

நூலக முத்திரையால் விலை குறையும், வாசிப்புக்குக் குறைவில்லை. ஆனால் அதன் பக்கத்திலேயே "நீக்கம் செய்யப்பட்டது" என்ற முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத நூலகப் படியை நான் தொடுவதில்லை. உள்ளூர் நூலகத்திலிருந்து வெளியே வந்ததாக இருந்தால் கண்டிப்பாகத் தொடுவதில்லை.

இன்னொன்று. இந்த வயதுப் புத்தகங்களை ஐஎஸ்பிஎன் என்ற நூல் எண்ணைப் போட்டுத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அந்த எண் உலகெங்கும் புழக்கத்துக்கு வந்ததே 1970 வாக்கில்தான். ஆசிரியர் பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் போட்டுத் தேட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருவதற்கு 2019 முதல் 5 சதவீதச் சுங்கவரி இருப்பதையும் கணக்கில் வையுங்கள். உள்நாட்டில் வாங்குகிறவர்களுக்கு வந்த கேடு, 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்தியது. கனமான புத்தகத்தைச் சொற்பக் காசில் பத்திரமாக வரவழைத்த வழி அப்போது அடைபட்டது.

கோட்டையூர்க்காரன்

ஆறாயிரம் கொடுத்து அமெரிக்காக்காரன் பறந்த கதையை வாங்கப் போகிறீர்கள். நல்லது. காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு உங்கள் வாசலில் தொடங்கிய கதையை ஏன் தேடவில்லை என்று கேட்கலாமா?

ராம. அழகப்பச் செட்டியார் 1909-இல் எங்கள் ஊரில் பிறந்தவர். குரோய்டனில் விமானம் ஓட்டப் பயிற்சி பெற்றவர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் சென்னையிலிருந்து ஜூபிடர் ஏர்வேஸ் என்று ஒரு விமான நிறுவனமே நடத்தினார். அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்தது, 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டியது, இதெல்லாம் காரைக்குடியில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஜூபிடர் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள், சினிமாக் கம்பெனியா என்று கேட்பார்கள். அந்த நிறுவனத்துக்கென்று ஒரு தனி நூலை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. தேசியமயம் வருவதற்கு முன்பே மூடப்பட்டதால், பெரிய வரலாறுகளில் ஓரிரு வரியோடு முடித்துவிடுகிறார்கள்.

எதில் தொடங்குவது என்று கேட்டீர்கள். 1950-இல் நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையில் வான் போக்குவரத்து விசாரணைக் குழு ஒன்று அறிக்கை கொடுத்தது. அதைத் தேடுங்கள். போர் முடிந்ததும் அமெரிக்கப் படை விட்டுச் சென்ற டகோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. பெங்களூர் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் பயணிகளுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள முடிந்தது. உரிமமும் தாராளமாகக் கொடுத்தார்கள். ஆளாளுக்கு இறங்கினார்கள். பயணிகள் அவ்வளவு பேர் இல்லை. யார் எப்படி நட்டப்பட்டார்கள் என்று கணக்கோடு பேசுகிற ஆவணம் அது. உடனே தேசியமயமாக்க வேண்டாம், நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணையட்டும் என்றது குழு. மூன்றே ஆண்டில் அரசு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. பளபள அட்டைப் புத்தகம் பத்து வாங்குவதைவிட இந்த ஒன்று மேல்.

தேவகோட்டை ரஸ்தா

கோட்டையூர் அண்ணன் கோபப்பட்டாலும் பயனுள்ள கோபம். ஆனால் ஒன்றை ஏற்க முடியவில்லை. டேவிஸ் மாதிரி ஒருவர் உலகம் முழுவதையும் ஒரே சட்டகத்தில் அடுக்கி வைத்ததால்தான் நம்முடையது எங்கே நிற்கிறது என்று தெரிகிறது. அவர் பின்னாளில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் விமான அருங்காட்சியகத்தில் காப்பாளராக இருந்தவர். ஆசிய நிறுவனங்களுக்கென்றே 1997-இல் பட்னம் வழியாகத் தனி நூல் கொண்டுவந்தார். அதுவும் இப்போது அச்சில் இல்லை. இந்தியாவின் சிறு நிறுவனங்களைத் தேதியோடு பார்க்க அதைப் புரட்டாமல் முடியாது.

அரசு அறிக்கைக்கு ஒரு குறையும் உண்டு. அதில் மனிதர்கள் இருக்க மாட்டார்கள். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து ஒற்றை எஞ்சின் புஸ் மாத்தில் 55 பவுண்டு தபாலோடு கிளம்பி அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜூஹு வந்து இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு எடுத்துவந்தார். வின்சென்ட் இல்லாவிட்டால் அந்தத் திட்டமே இல்லை. 1942-இல் விமானத்தில் போகும்போதே காணாமல் போனார். அவரைப் பற்றி அறிக்கையில் என்ன எழுதியிருப்பார்கள்? அதற்கு நூல்தான் வேண்டும். ஆர்.எம். லாலா எழுதிய ஜே.ஆர்.டி. வாழ்க்கை வரலாற்றில் வின்சென்ட் தமக்குரிய இடத்தில் இருக்கிறார்.

புதுவயல் பெரியவன்

இடையில் ஒரு குறிப்பு, சேர்க்கிறவர்களுக்கு உதவும். 1953 ஆகஸ்ட் 1 தேசியமயத்தின்போது இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்த எட்டு நிறுவனங்களில் "ஏர் இந்தியா"வும் ஒன்று. டாட்டா ஏர்லைன்ஸ் 1946-இல் மாற்றிக்கொண்ட பெயர் அது. உள்நாட்டுப் பறப்புக்கானது. 1948 ஜூன் 8 அன்று "மலபார் பிரின்சஸ்" என்ற கான்ஸ்டலேஷன் விமானத்தைக் கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்கு அனுப்பியது ஏர் இந்தியா இன்டர்நேஷனல் என்ற வேறு நிறுவனம். அது தனிக் கழகமாகவே தொடர்ந்தது. பழைய நூல்களின் பெயரகராதியில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருந்தால், அந்த நூலின் மற்றத் தேதிகளையும் சந்தேகத்தோடு பாருங்கள். நான் கடையில் நின்றபடி முதலில் புரட்டுவது பெயரகராதியைத்தான். பெயரகராதியே இல்லாத புத்தகம் என்றால் கீழே வைத்துவிடுவேன்.

மற்ற ஏழையும் கேட்டுவிடுவீர்கள்: டெக்கான் ஏர்வேஸ், ஏர்வேஸ் இந்தியா, பாரத் ஏர்வேஸ், ஹிமாலயன் ஏவியேஷன், கலிங்கா ஏர்லைன்ஸ், இந்தியன் நேஷனல் ஏர்வேஸ், ஏர் சர்வீசஸ் ஆஃப் இந்தியா.

வள்ளி ஆச்சி

தம்பிகள் புத்தகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் இருந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஐயா பர்மாவிலும் பிறகு மலேயாவிலும் கடை வைத்திருந்தவர். அவர் டிரங்குப் பெட்டி இரண்டாங்கட்டில் ஓர் அறையில் கிடந்தது. மேலே பேரேடுகள், ஐந்தொகைத் தாள்கள், ஏஜெண்டுக்குப் போட்ட சம்பளச்சீட்டு. அடியில் ஒரு நீல நிற உறை. அதற்குள் விமான டிக்கெட்டின் அடிக்கட்டை. ஒவ்வொரு தாளின் பின்புறமும் சிவப்புக் கார்பன் பூசியிருந்தது. மேல் தாளில் எழுதியது கீழ்த் தாளில் இறங்க வேண்டும் என்பதற்காக. இத்தனை வருடம் கழித்தும் தொட்டால் விரலில் சிவப்பு ஒட்டிக்கொண்டது. ஐயா பெயரை எழுதிய குமாஸ்தா முதலெழுத்துகளுக்கு இடம் போதாமல் இரண்டை விட்டிருந்தார். நம் பக்கத்துப் பெயர்களை அந்தக் கட்டத்துக்குள் அடைக்க யாரால் முடியும்! உறையின் உள்பக்கம் பென்சிலில் "சாப்பாடு எடுத்துப் போகவும்" என்று எங்கள் ஆயா, அதாவது பாட்டி, கையெழுத்து.

இதை எந்த வரலாற்று நூல் சொல்லும்? கொண்டுவிற்கப் போனவர்கள் கப்பலிலிருந்து விமானத்துக்கு மாறிய காலம் எங்கள் பெட்டிகளில்தான் இருக்கிறது. துயரமும் இருக்கிறது. மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தவர். 1954 மார்ச் 13 அன்று சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கான்ஸ்டலேஷன் இறங்கும்போது ஓடுதளத்தின் முனைச் சுவரில் மோதிய விபத்தில் போய்விட்டார். 33 பேர் இறந்தார்கள், பயணிகளில் ஒருவரும் பிழைக்கவில்லை. பி.ஓ.ஏ.சி. வரலாறு எழுதுகிறவர்களுக்கு அது அட்டவணையில் ஒரு வரி. எங்கள் ஊர்களில் அது வீட்டுக்கு வீடு பேசிய செய்தி.

தேவகோட்டை ரஸ்தா

ஆச்சி, அந்த அடிக்கட்டை இப்போது எங்கே இருக்கிறது?

வள்ளி ஆச்சி

என்னிடம்தான். ஆனால் பேரேடுகள் போய்விட்டன. வீடு பொதுவீடு. பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு தூணைக்கூட விற்க முடியும். ஆனால் காகிதத்துக்கு யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை! வீட்டைப் பெருக்குகிறோம் என்று சொல்லி எடைக்குப் போட்டுவிட்டார்கள். தேக்குக் கதவுக்குப் பஞ்சாயத்து வைத்தவர்கள், பெட்டியில் இருந்ததை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. விடுமுறைக்கு வந்து பார்த்தபோது பெட்டி மட்டும் காலியாக நின்றது. உறை என் பையில் இருந்ததால் தப்பியது.

முனீஸ்வரன் கோயில் தெரு

பழம்பொருள் வியாபாரத்தில் இருக்கிறவன் என்பதால் என் பக்கத்தையும் எழுதுகிறேன். வீடு இடிக்கும்போது எங்களுக்குத் தகவல் வரும். எனாமல் சட்டி, கண்ணாடி, ரவிவர்மா படம், மரத்தூண் இவற்றுக்குத்தான் வெளியூரிலிருந்து ஆள் வருகிறார்கள். காகிதத்துக்கு வருகிறவர் தபால்தலைக்காரர் ஒருவர்தான். அவர் உறையை எடுத்துக்கொண்டு உள்ளே இருக்கிற கடிதத்தை விட்டுப் போவார். முதல் பறப்பு உறை, அதாவது ஒரு வழித்தடத்தின் முதல் விமானத்தில் வந்த தபாலுறை, என்றால் விலை வேறு. 1938-இல் டாட்டாவின் கராச்சி–சென்னைத் தபால் வழித்தடம் திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது அல்லவா, அந்தக் கால உறைகளைக் கேட்டு ஆள் வருவதுண்டு. கால அட்டவணையை யாரும் கேட்டதில்லை. கேட்டால்தானே எடுத்து வைப்போம்? நீங்கள் என்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கடையில் கொடுத்து வையுங்கள். மடித்த கால அட்டவணை, பயணப்பெட்டியில் ஒட்டும் சீட்டு, டிக்கெட் உறை, விமானத்தில் கொடுத்த வரைபடம். பெயர் தெரிந்தால் எடைக்குப் போகாது.

கோட்டையூர்க்காரன்

கடைக்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மறுபாதி, ஆல்பத்தில் ஒட்டியிருந்த சீட்டை மட்டும் கத்தரித்து விற்கிற பழக்கம் உங்கள் தெருவில் இருப்பது. எந்த வீட்டு ஆல்பம், யார் போன பயணம் என்பது அறுபட்டுப் போனால் அது வெறும் வண்ணக் காகிதம். உங்களை மட்டும் சொல்லவில்லை.

எங்கள் ஊர் ரோஜா முத்தையா இந்த வேலையைச் செய்து காட்டியவர். பெயர்ப் பலகை எழுதிப் பிழைத்தவர். நூல், இதழ், துண்டறிக்கை, நோட்டீஸ், அழைப்பிதழ் என்று தரம் பார்க்காமல் சேர்த்தார். 1992-இல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்து வாங்கி, 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைத்தது. ஒரு லட்சத்தை ஒட்டிய உருப்படிகள். இதில் வரலாற்று மதிப்பு எதற்கு என்று அவர் முன்கூட்டியே முடிவு செய்திருந்தால் பாதி தேறியிருக்காது. விமானப் புத்தகம் சேர்க்கிறவர்கள் அட்டையும் மேலுறையும் முதல் பதிப்பும் என்று தரம் பார்க்கிறீர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதே ஊர்க்காரர் ஏ.கே. செட்டியாரையும் விட்டுவிட முடியாது. ரங்கூனில் "தனவணிகன்" நடத்தியவர், பிறகு "குமரி மலர்". பழைய இதழ்களைத் துருவித் துருவிப் பயணக் கட்டுரைகளை மீட்டுக் கொடுத்தவர். விமானப் பயணம் நம்மவர்களுக்கு எப்படி இருந்தது என்று தமிழில் தேட வேண்டுமானால் பயண நூல்களைத்தான் புரட்ட வேண்டும். பழைய "குமரி மலர்" கட்டு எங்கே கண்டாலும் விடாதீர்கள்.

ராமபாணம்

தரம் பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை. முதல் பதிப்பு மோகம் எனக்கும் கிடையாது. ஆனால் மேலுறை வெறும் அலங்காரம் இல்லை. சில நூல்களில் ஆசிரியர் எந்த நிறுவனத்தில் என்ன வேலை பார்த்தார் என்ற விவரம் மேலுறை மடிப்பில் மட்டும்தான் இருக்கும். நிறுவனமே பணம் கொடுத்து எழுதவைத்த வரலாறா, வெளியாள் எழுதியதா என்று அங்கேதான் பிடிபடும். நிறுவனம் வெளியிட்ட பொன்விழா மலர்களை நான் ஒதுக்குவதில்லை, படங்கள் அருமையாக இருக்கும். ஆனால் விபத்தைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறதா என்று பார்ப்பேன். 1950 நவம்பர் 3 அன்று மலபார் பிரின்சஸ் மோன் பிளாங்கில் மோதி 48 பேர் இறந்தார்கள். 1966 ஜனவரி 24 அன்று அதே மலையில் கஞ்சன்ஜங்கா என்று பெயரிட்ட ஏர் இந்தியா விமானம் விழுந்து ஹோமி பாபா உட்பட எல்லோரும் போனார்கள். ஏர் இந்தியா வரலாறு என்று சொல்லிக்கொண்டு இந்த இரண்டையும் தாண்டிப் போகிற புத்தகத்தை விளம்பரம் என்று அட்டையில் எழுதி அலமாரியில் வைக்கலாம்.

பாதுகாப்பு பற்றியும் கேட்கப் போகிறீர்கள். விமான நூல்களில் படங்கள் பெரும்பாலும் வழவழப்புத் தாளில் தனிக் கட்டாக இருக்கும். அந்தத் தாளில் களிமண் பூச்சு உண்டு. நனைந்து அப்படியே காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகிவிடும், பிறகு பிரித்தால் படம் உரிந்து வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீடு ஒழுகினால் ஈரமாக இருக்கும்போதே தாளுக்குத் தாள் மெல்லிய வெள்ளைத் தாள் செருகி நிழலில் காற்றாட வையுங்கள். ஒட்டு நாடா ஒட்டவே கூடாது. இருபது வருடத்தில் பிளாஸ்டிக் உதிர்ந்து பசை மட்டும் பழுப்பாகத் தங்கும். ஆச்சி, உங்கள் டிக்கெட்டை லேமினேட் செய்துவிடாதீர்கள். சூட்டில் கார்பன் கலங்கிவிடும், திரும்ப எடுக்கவும் முடியாது. அமிலமில்லாத தாளில் மடிக்காமல் வைத்து, ஆயாவின் பென்சில் எழுத்து எதன்மீதும் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பீரோவைச் சுவரை ஒட்டிப் போட வேண்டாம். நம் பக்கத்தில் கரையான் சுவர் வழியாகத்தான் ஏறுகிறது. வசம்பு போடலாம், தாளில் படாமல் துணியில் முடிந்து.

இளையாற்றங்குடி மாணவன்

நான் கல்லூரி இறுதியாண்டு. இவ்வளவு விலை கொடுக்க முடியாது. டேவிஸ் நூலை யாராவது ஸ்கேன் செய்து இங்கே போட முடியுமா? அச்சிலேயே இல்லாத புத்தகத்துக்கு உரிமை என்ன இருக்கிறது?

புதுவயல் பெரியவன்

அச்சில் இல்லை என்பது வேறு, உரிமை முடிந்தது என்பது வேறு, தம்பி. நம் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். டேவிஸ் 2011-இல்தான் இறந்தார். உன் பேரப்பிள்ளைகள் தாராளமாக ஸ்கேன் செய்துகொள்ளலாம். ஆனால் அரசு வெளியீட்டுக்குக் கணக்கு, வெளிவந்த ஆண்டுக்குப் பின் 60. 1950 அறிக்கைக்கு 2010 முடிவோடு காலம் முடிந்தது. அதை யார் எங்கே கண்டாலும் ஸ்கேன் செய்து இங்கே போடலாம், யாரும் கேட்க முடியாது.

படிக்க மட்டும் வேண்டுமென்றால் சென்னையில் கன்னிமாராவுக்குப் போ. 1954 சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படி போய்ச் சேர வேண்டிய நூலகங்களில் அதுவும் ஒன்று. இந்தியப் பதிப்புகளுக்கு அங்கே தேடுவதுதான் செலவில்லாத வழி.

தேவகோட்டை ரஸ்தா

டேவிஸை வாங்கிவிட்டேன். படங்கள் அனுப்பச் சொன்னேன், வரைபடங்கள் அறுபடாமல் இருக்கின்றன, நீக்க முத்திரையும் இருக்கிறது. மாணவத் தம்பி காரைக்குடி வந்தால் என் வீட்டில் உட்கார்ந்து படிக்கலாம். வெளியே கொடுக்க மாட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முனீஸ்வரன் கோயில் தெரு அண்ணன் கேட்ட பட்டியலை எழுதிக்கொண்டிருக்கிறேன். நிறுவனப் பெயர்களோடு கொடுக்கிறேன். ஏர் சிலோனையும் சேர்க்கிறேன், 1947 டிசம்பரில் ரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னை வந்தவர்கள். கொழும்பில் கடை வைத்திருந்த வீடுகளில் அந்தக் கால அட்டவணை இருக்க வாய்ப்பு அதிகம். ஜூபிடர் பெயர் அச்சிட்ட எதுவாக இருந்தாலும், கிழிந்த உறையாக இருந்தாலும், விலை பேசாமல் எடுத்துக்கொள்கிறேன்.

கோட்டையூர்க்காரன்

ஜூபிடர் கிடைத்தால் முதலில் எனக்குத் தகவல் வர வேண்டும். விலை நானும் பேச மாட்டேன்.

முனீஸ்வரன் கோயில் தெரு

இரண்டு பேரும் விலை பேச மாட்டோம் என்கிறீர்கள். வியாபாரிக்கு இதைவிட நல்ல செய்தி வேறு இல்லை. பட்டியலை அனுப்புங்கள்.

வள்ளி ஆச்சி

கத்தரிக்காமல் விற்பதாக இருந்தால் எங்கள் பங்காளி வீட்டுச் சாவியை நான் வாங்கித் தருகிறேன். மாடியில் இன்னும் இரண்டு பெட்டி திறக்காமல் இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். நானும் கூட இருக்கும்போதுதான் திறக்க வேண்டும்.